இன்சர்ட் என்ற சொல் தலைகீழான கதை

போன மாதம் வீட்டிலிருந்த பழைய வி.ஹெச்.எஸ். கேசட் ஒன்றைக் கணினிக்கு மாற்றினேன். எங்கள் கிரகப்பிரவேச வீடியோ. அம்மா இப்போது இல்லை. அம்மாவின் குரல் மிச்சமிருப்பது இந்த ஒரு கேசட்டில்தான்.

எடிட்டிங் மென்பொருளில் போட்டு, நடுவில் ஒரு பழைய போட்டோவை நாலு வினாடிக்குச் சொருகினேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் குரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். அம்மா யாரையோ "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடுவது கேட்கிறது. நாலு வினாடி கழித்துத்தான் வாய் அசைகிறது. தப்பு என்னுடையதே. ஒலித் தடத்தில் சிங்க் லாக் அணைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. படம் தள்ளிப்போனது, ஒலி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அன்டூ செய்து சரிப்படுத்திவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது. ஒரு கிளிப்பை டைம்லைனில் வைக்க எதற்கு இரண்டு கட்டளைகள்? இன்சர்ட் என்றால் பின்னால் இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு உட்காரும். ஓவர்ரைட் என்றால் இருப்பதன் மேலேயே உட்காரும். தோண்டிப் பார்த்ததில், இவை இரண்டும் இரண்டு வேறு இயந்திரங்களின் பழக்கங்கள் என்று தெரிந்தது.

முதலாவது, பிலிம். 1924இல் ஐவன் செரூரியர் மூவியோலாவை எடிட்டிங் இயந்திரமாக விற்கத் தொடங்கினார். நம்ம ஊர் ஸ்டுடியோக்களிலும் பல பத்தாண்டுகள் ஓடிய அதே மூவியோலாதான். 35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. நடுவில் ஒரு துண்டை ஒட்டினால் மிச்சப் படம் தானாகவே பின்னால் போகும். வேறு வழியே இல்லை.

ஆனால் ஒலி தனிச் சுருளில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக நகர்த்த சிங்க்ரனைசர் என்று ஒரு கருவி. ஒரே அச்சில் பல பற்சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சுருள். இன்றைய டைம்லைனில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடங்கள் இருக்கின்றனவே, அதன் தாத்தா இதுதான். படச் சுருளில் ஆறு அடி சேர்த்தால் ஒலிச் சுருளிலும் ஆறு அடி வெற்றுப் பிலிமை ஒட்டியாக வேண்டும். மறந்தால்? என் அம்மாவுக்கு நடந்ததுதான் நடக்கும். ஆக நான் செய்தது மூவியோலா காலத்துத் தப்பு.

இரண்டாவது, வீடியோ டேப். 1956இல் ஆம்பெக்ஸ் தன் இரண்டு அங்குல டேப் ரிகார்டரைக் காட்டியது. ஆரம்பத்தில் அதையும் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். டேப்பில் பிரேம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, காந்தக் கோடுகளை நுண்ணோக்கியில் பார்த்து வெட்ட வேண்டும். பிறகு வெட்டுவதை விட்டுவிட்டு, ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்யும் முறைக்கு மாறினார்கள்.

சிக்கல் இங்கேதான். டேப்பில் எதையும் தள்ள முடியாது, மேலே பதிய மட்டுமே முடியும். அரை மணி நிகழ்ச்சியில் பத்தாவது நிமிடத்தில் மூன்று வினாடி சேர்க்க வேண்டுமா? அதற்குப் பின்னால் உள்ள இருபது நிமிடத்தையும் மறுபடி பதிய வேண்டும்.

இந்த டேப் உலகத்திலும் 'இன்சர்ட் எடிட்' என்று ஒன்று இருந்தது. டேப்பின் கண்ட்ரோல் டிராக்கைத் தொடாமல், படத்தை மட்டுமோ ஒலியை மட்டுமோ பழையதன் மேல் பதிவது. அதாவது, இன்றைக்கு நாம் ஓவர்ரைட் என்று சொல்வது! நாம் இன்று இன்சர்ட் என்பது பிலிம்காரர் ஒட்டிய ஒட்டு. ஒரே சொல், நேர் எதிர்ப் பொருள்.

இந்த இரண்டும் ஒரே திரையில் எப்படிச் சந்தித்தன? 1967இல் கலிஃபோர்னியாவின் ஈக்கோ நிறுவனம் டைம்கோடைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிரேமுக்கும் மணி, நிமிடம், வினாடி, பிரேம் என்று ஒரு முகவரி. முகவரி கிடைத்ததும் எடிட்டிங் என்பது ஒரு பட்டியலாகிவிட்டது: எந்த ரீல், எங்கே தொடக்கம், எங்கே முடிவு, எங்கே போய் உட்கார வேண்டும். இ.டி.எல். எனப்படும் இந்தப் பட்டியலை இன்றைய மென்பொருட்களும் வெளியே எடுத்துத் தருகின்றன. என்னைப் போன்ற புரோகிராமருக்கு இது பழகிய சங்கதி: பாயிண்டர்களின் வரிசை. வரிசையை மாற்றினால் போதும், மூலத்தைத் தொடவே வேண்டாம்.

1971இல் சி.பி.எஸ்ஸும் மெமொரெக்ஸும் சேர்ந்து உருவாக்கிய சி.எம்.எக்ஸ் 600 இதைச் செய்து காட்டியது. தட்டுகளில் சுமார் அரை மணி நேர மங்கலான கறுப்பு வெள்ளைப் படம், திரையைத் தொட ஒரு ஒளிப் பேனா. 1984இல் லூகாஸ்ஃபிலிமின் எடிட்ட்ராய்ட் அந்தப் பட்டியலைத் திரையில் கிடைமட்டப் பட்டையாக வரைந்தது. 1989இல் ஆவிட் வந்தது. இந்தியாவில் அதைப் பயன்படுத்திய முதல் படமாகப் பரவலாகச் சொல்லப்படுவது 1994இல் வெளியான நம்ம 'மகாநதி'.

ஆவிட்டில் இரண்டு பொத்தான்கள்: மஞ்சள் அம்பு ஸ்ப்ளைஸ்-இன், சிவப்பு அம்பு ஓவர்ரைட். ஸ்ப்ளைஸ் என்பது பிலிம் ஒட்டுவதற்கான பழைய சொல். பிலிமும் டேப்பும் பக்கத்துப் பக்கத்தில் பொத்தான்களாக உட்கார்ந்துவிட்டன. வேறு பல மென்பொருட்களில் அந்த மஞ்சள் அம்பின் வேலைக்குத்தான் இன்சர்ட் என்று பெயர்.

2011இல் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் தடங்களையே தூக்கிவிட்டு, ஒலியைப் படத்தோடு கட்டிப்போட்டது. தொழில்முறை எடிட்டர்கள் பலர் கொதித்தார்கள். எனக்கு அவர்கள் கோபமும் புரிகிறது, அந்த மாற்றத்தின் காரணமும் புரிகிறது. சிங்க்ரனைசரின் பற்சக்கரங்களை மறைத்தால் நான் செய்த தப்பு நேராது. ஆனால் குரலை வேண்டுமென்றே முன்னால் நகர்த்தும் சுதந்திரமும் அந்தச் சக்கரங்களில்தான் இருந்தது.

கடைசியில் அந்தச் சுதந்திரத்தைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். சிங்க் லாக்கைப் போட்டுவிட்டு, போட்டோவை இன்சர்ட் செய்யாமல் ஓவர்ரைட் செய்தேன். அந்த நாலு வினாடியும் திரையில் போட்டோ நிற்கிறது. அடியில் அம்மாவின் குரல் இடைவெளியில்லாமல் ஓடுகிறது. போட்டோ போனதும் உதடு சரியாகச் சேர்ந்துகொள்கிறது. டேப்காரர்கள் இதைத்தான் இன்சர்ட் என்று சொல்லியிருப்பார்கள்.