சர்வர் செலவுப் பகிர்வு

பல துறைகள் ஒரே சர்வரைப் பயன்படுத்தும் நிறுவனத்தில், அதன் செலவைப் பயன்பாட்டுக்கு ஏற்பப் பிரித்துத் துறைவாரியாகக் கணக்கில் ஏற்றும் முறை. தொகையைத் துறையின் பட்ஜெட்டில் கழித்தால் அது சார்ஜ்பேக். அறிக்கை மட்டும் அனுப்பினால் ஷோபேக்.

கணினி நேரம் அரிதாக இருந்த காலத்திலேயே இந்தக் கணக்கு தொடங்கிவிட்டது. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களில் எஸ்எம்எஃப் என்ற வசதி ஒவ்வொரு வேலைக்கும் ஆன சிபியூ நேரத்தைப் பதிந்தது. ஹார்வர்டில் பிடிபி-1 கணினியின் நேரமே ஏலத்தில் போனது. பயனர்கள் ‘யென்’ என்ற பாவனைப் பணத்தில் ஏலம் கேட்ட விதத்தைக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாண்ட் 1968-இல் எழுதினார். லினக்ஸில் 2008-இல் சேர்ந்த சிகுரூப்ஸ், வேலைகளைக் குழுவாகப் பிரித்துச் சிபியூவையும் நினைவகத்தையும் அளக்க உதவுகிறது.

அளப்பதில் தகராறு குறைவு. தகராறெல்லாம் சும்மா கிடக்கும் திறனுக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான். உதாரணமாக, ஒரு சர்வரின் மாதச் செலவு 1,00,000 ரூபாய். விற்பனைத் துறை சர்வரின் திறனில் 40 சதவீதம், கணக்குத் துறை 25, மனிதவளத் துறை 10 பயன்படுத்துகின்றன என்று கொள்வோம். முழுச் செலவையும் பயன்பாட்டு விகிதத்தில் பிரித்தால் மனிதவளத்துக்கு 13,333 ரூபாய் வரும். அடுத்த மாதம் விற்பனைத் துறை தன் பயன்பாட்டை 20 சதவீதமாகக் குறைத்தால், மனிதவளத்தின் பில் 18,182 ஆகிவிடும், அது எதையுமே மாற்றாமல்! துறைத் தலைவர் சண்டைக்கு வருவது நியாயமே. அதனால் ஒரு சதவீதத்துக்கு 1,000 ரூபாய் என விலையை முன்கூட்டியே நிர்ணயித்து, மிச்சத்தை ஐடி துறையின் பொறுப்பில் விடுவது மேல். எவ்வளவு பெரிய சர்வர் வாங்குவது என்று முடிவெடுத்ததும் பெரும்பாலும் அந்தத் துறைதானே.

இதன் மறுபக்கம், ஒதுக்கி வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் இருப்பது. செயலிகளைப் பல சர்வர்களில் பகிர்ந்து இயக்கும் குபர்னெட்டீஸில் ஒரு செயலி 8 ஜிபி நினைவகம் கேட்டு 2 ஜிபி மட்டும் பயன்படுத்தினாலும், மீதி 6 ஜிபியை வேறொரு செயலிக்கு ஒதுக்கித்தர இயலாது. எனவே கேட்டது, பயன்படுத்தியது இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் என்பது இன்று பரவலான விதி.

கிளவுடில் செலவைத் துறையோடு இணைப்பது டேக் என்ற அடையாளக் குறி. டேக் போடாத சர்வர்களின் செலவு அநாமதேயமாக ‘இதர’ தலைப்பில் சேரும். அந்தத் தலைப்பு பெருத்துவிட்டால் மற்ற எண்களை யாரும் நம்பமாட்டார்கள். காப்புப்பிரதி, கண்காணிப்பு போன்ற பொதுச் சேவைகளை அந்த அளவுக்கு நுணுக்கமாக அளக்க வேண்டியதில்லை. அவற்றைப் பல நிறுவனங்கள் ஆள் எண்ணிக்கைப்படியே பிரித்துவிடுகின்றன.