ஹன்டா வைரஸைக் கண்டறியும் எதிர்ப்பொருள்கள்

எலி முதலிய சிறு பாலூட்டிகள் வழியே பரவும் ஹன்டா வைரஸ்களின் புரதங்களைத் திசுவிலும் செல் வளர்ப்பிலும் இனங்காண ஆய்வகங்களில் பயன்படுபவை. இவற்றுள் பல, வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பொதிந்திருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தைப் பற்றுகின்றன. சில, மேலுறையிலுள்ள கிளைக்கோபுரதங்களைப் பற்றுகின்றன.

ஹன்டா வைரஸ்களால் வரும், சிறுநீரகத்தைத் தாக்கும் குருதிப்போக்குக் காய்ச்சல் 1930களில் மஞ்சூரியாவிலும் சோவியத் தூரக்கிழக்கிலும் பதிவாயிற்று. பழைய சீன மருத்துவ நூல்களிலும் இதன் குறிப்பு உண்டென்பர் சிலர். அறிகுறிகளை மட்டும் கொண்டு அதை உறுதிசெய்ய இயலாது. கொரியப் போரில் ஐ.நா. படையினர் ஏறத்தாழ 3,000 பேர் நோயுற்றும் காரணி பிடிபடவில்லை.

அதைப் பிடித்துத் தந்தவை நோயாளிகளின் குருதியில் உருவான எதிர்ப்பொருள்களே. கொரிய அறிஞர் லீ ஹோ-வாங், நோய் பரவிய பகுதிகளில் பிடித்த வயல் எலிகளின் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி, நோயிலிருந்து தேறியவர்களின் சீரத்தை அவற்றின்மேல் இட்டார். சீரத்தின் எதிர்ப்பொருள் திசுவில் ஒட்டியிருந்தால், ஒளிர்சாயம் ஏற்றிய இரண்டாம் எதிர்ப்பொருள் அதனைப் பற்றும். புற ஊதா ஒளியில் அவ்விடம் மின்னும். 1976இல், முதுகில் கருங்கோடுடைய அப்போடெமஸ் அக்ராரியஸ் எலியின் நுரையீரல் அவ்வாறு மின்னியது. அதே நோயாளிகளிடம் நோயின் தொடக்கத்தில் எடுத்த சீரத்தை இட்டபோது அது மின்னவில்லை. இந்த ஒப்பீடே சோதனையின் உயிர்நாடி: மின்னியது தற்செயலன்று, நோயினூடே அவர்கள் உடலில் புதிதாகத் தோன்றிய ஒன்று என்பதை அது காட்டியது. 1978இல் லீ பியுங்-வூ, கார்ல் ஜான்சன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, கடுமையான நோய் கண்ட 116 பேரில் 113 பேரிடம் எதிர்ப்பொருள் அளவு உயர்ந்திருந்தது. எலிக்கு வைரஸைச் செலுத்திய 10ஆம் நாளிலிருந்து 69ஆம் நாள்வரை உறுப்புகளில், குறிப்பாக நுரையீரலில், எதிர்ச்செனி (எதிர்ப்பொருள் பற்றும் வைரஸ் பொருள்) தென்பட்டது. வைரஸ் ஹன்டான் ஆற்றின் பெயரைப் பெற்றது. 1980இல் பின்லாந்தில் இவ்வழியிலேயே பூமலா வைரஸின் எதிர்ச்செனி கண்டறியப்பட்டது.

வேலூரில் 1964இல் மூஞ்சூறு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த தொட்டப்பாளையம் வைரஸ் காலத்தால் ஹன்டானுக்கு முந்தியது. பூச்சி வழி பரவுவதாக முதலில் ஊகிக்கப்பட்ட அது, பின்னரே ஹன்டா வைரஸ் என அறியப்பட்டது. முதல் ஹன்டா வைரஸ் என்னும் இடத்தை இரண்டில் எதற்குத் தருவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தொட்டப்பாளையம் வைரஸ் மனிதருக்கு நோய் தருமா என்பதும் தெளிவாகவில்லை.

கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வகுத்த, ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் ஆக்கும் மோனோகுளோனல் முறை, நோயாளிச் சீரத்தை நம்பியிருந்த நிலையை மாற்றியது. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் நுரையீரல் நோய் வெடித்தபோது, நோயாளிகளின் சீரம் பழைய ஹன்டா எதிர்ச்செனிகளுடன் வினைபுரிந்ததே முதல் தடயம். இறந்தோரின் நுரையீரலில், நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் எதிர்ச்செனி இருப்பதை மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் காட்டின. காரணி சின் நோம்ப்ரே எனப் பெயர் பெற்றது.

இன்று பாக்டீரியாவில் உருவாக்கிய நியூக்ளியோகேப்சிட் புரதத்தைக் கொண்டும் எதிர்ப்பொருள்கள் தயாராகின்றன. இப்புரதம் பல ஹன்டா வைரஸ் வகைகளில் ஒத்திருப்பதால் ஒரே எதிர்ப்பொருள் பல வைரஸ்களைப் பற்றுவதுண்டு. எந்த வகை எனப் பிரித்தறிய நடுநிலையாக்கச் சோதனையோ மரபணு வரிசையாய்வோ தேவை.