தேக்கடிக்கு ஒரு படகுச் சீட்டு

இந்தக் கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் தை மாதமே தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் கடல் அலுத்துவிட்டது. ஊட்டி என்றால் கூட்டம். தேக்கடியில் படகு விடலாம் என்று முதலில் சொன்னவர் அம்மாதான். அவருக்கு எழுபத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது உத்தமபாளையத்துப் பக்கம், இருபோக நெல் விளையும் ஒரு சிற்றூரில். ஜூன் முதல் தேதி மதகு திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும்; அது பெரியாற்றுத் தண்ணீர் என்பது ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத அந்த ஏரியை மட்டும் அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. "ஏப்பா, நாம குடிச்ச தண்ணி எங்க நிக்குதுன்னு ஒரு தடவையாவது பாத்துரணும்ப்பா" என்றார்.

மனைவி உடனே மறுத்துவிட்டார். "ஏங்க, பிள்ளைகளைப் படகுல ஏத்தணுமா?" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் 2009ஆம் ஆண்டு நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். எனவே சீட்டு வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, வழக்கம்போல், புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் ஏரிக்குப் போவதற்கு முன் அதன் வரலாற்றைப் படிப்பது பயணத் திட்டத்தின் பகுதியா என்று கேட்கும் நண்பர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் சொல்ல வேண்டியது, அது ஏரியே அன்று. மலைகளுக்கு இடையில் ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஓர் ஆற்றை மறித்ததால் காட்டுக்குள் ஏறி நின்ற நீர் அது. அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரருடையது என்று நினைத்திருந்தேன். இல்லை. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789இலேயே மலைக்கு ஆளனுப்பி வழி பார்க்கச் சொல்லியிருக்கிறார். பணம் இல்லாமல் அது நின்றுபோனது. 1808இல் மலையேறிப் பார்த்த கேப்டன் கால்டுவெல் (மொழிநூல் கால்டுவெல் அல்லர், அவர் வேறு) இது வீண் கனவு என்று அறிக்கை எழுதிவிட்டார். பிறகு 1876-78 பெரும்பஞ்சம் வந்தது. மதுரைச் சீமையில் மக்கள் செத்து விழுந்த பிறகுதான் கனவாகத் தோன்றியது கணக்காக மாறியது. ஒரு திட்டத்துக்கு உயிர் வருவதற்கு எத்தனை உயிர்கள் போக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீரில் மூழ்கப்போகும் எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 999 ஆண்டுகள். கட்டுமானம் 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில், கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்ததோடு நிறைவு பெற்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் எழுந்த 155 அடிச் சுவர். நீர் மேற்கே போகாமல் நிறுத்துவதோடு வேலை முடியவில்லை. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் நீளமான சுரங்கம் வெட்டி அதைக் கம்பம் பள்ளத்தாக்கில் இறக்க வேண்டியிருந்தது.

பென்னிகுயிக்கைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? தேனி மாவட்டத்தில் தைப்பொங்கலன்று அவர் படத்துக்கு முன் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். மனைவியின் நகைகளை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையை அம்மா சொல்லக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அந்தப் பணியில் உடனிருந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் எழுதிய வரலாற்று நூல் காட்டும் சித்திரம் வேறு: அரசாங்கம் பணம் ஒதுக்கி, அரசாங்கப் பொறியாளர்கள் கட்டிய அரசாங்க வேலை. இதை அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அவங்க எழுதுவாங்க, நகைய வித்தவ எழுதுனாளா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆவணக் காப்பகத்தில் விடை கிடையாது.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை வேறு பக்கங்கள். வெள்ளம் வந்து தற்காலிக அணைகளை அடித்துக்கொண்டு போனதும், காய்ச்சல் பருவத்தில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் மலையிறங்கியதும் அவற்றில் வருகின்றன. சென்னை மாகாணப் பயனியர் படையினர், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள், பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய கூலிகள் என்று ஆயிரக்கணக்கானவர் அங்கே இருந்தனர். நோயில் மட்டும் இறந்தோர் 483 பேர் என்பது பதிவான கணக்கு. இந்த நீரில் முதலில் படகு விட்டவர்களும் உல்லாசப் பயணிகள் அல்லர். கூடலூரிலிருந்து கம்பிவடத்தில் மலையேறிய சுண்ணாம்பும் தளவாடங்களும் அணையிடத்துக்குப் படகில்தான் போயின.

அணை எழுந்ததும் நீர் ஏறியது. காட்டை வெட்டி எடுக்கவில்லை. மரங்கள் நின்றபடியே மூழ்கின. ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் அவற்றின் அடிமரங்கள் கறுத்து, கிளையிழந்து, நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. தேக்கடிப் படம் எதை எடுத்தாலும் அந்தப் பட்டமரங்கள்தாம் முன்னால் நிற்கும். நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின் மேல் சிறகு காய வைத்திருக்கும். புகைப்படக்காரருக்கு அழகு, படகோட்டிக்கு, நீர் இறங்கும் மாதங்களில், எது எங்கே மூழ்கியிருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய அபாயம்.

காட்டு விலங்குகள் கரைக்கு வந்து நீர் குடிப்பதைப் படகிலிருந்து பார்க்கலாம் என்பதுதானே தேக்கடியின் கவர்ச்சி? அந்தக் காடு எஞ்சியதற்கும் ஒரு கதை உண்டு. சுற்றியிருந்த மலைகளைத் தேயிலை தின்றுகொண்டிருந்தது. 1899இல் ஏரியைச் சுற்றிக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. 1933இல் ராபின்சன் என்பவர் வேட்டைக் காவலராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயத்தை ஏற்படுத்தினார். ஏரிக்குள் நீண்டிருக்கும் எடப்பாளையம் மேட்டில் மன்னரின் கோடை மாளிகை இருந்தது. இன்று அது விடுதி; படகில்தான் போக வேண்டும். (வாடகையை விசாரித்தேன். மன்னர்களுக்கு உரியது மன்னர்களுக்கே இருக்கட்டும்.) 1950இல் 777 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக விரிந்து, 1978இல் புலிகள் காப்பகமானது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே அந்தக் காட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த மன்னான், பளியர் குடிகள் காட்டிலிருந்து குமுளிப் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். மன்னான்கள் இன்றும் மூங்கில் தெப்பத்தில் போய் இந்த நீரில் வலை வீசுகிறார்கள். வயணப் பட்டை திருடிக் காட்டுக்குள் திரிந்தவர்கள் சிலரைத் தொண்ணூறுகளின் இறுதியில் வனத்துறையே வழிகாட்டிகளாக்கியது. காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்?

மீனைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. பழைய ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமையும் குத்தகைதாரருக்கே இருந்தது. 1970 ஒப்பந்தத்தில் தமிழ்நாடு அதைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயானது. மின்னுற்பத்திக்கு இசைவு கிடைத்தது. குமுளி மலைச்சாலையில் தலைக்கு மேலே போகும் பெரிய இரும்புக் குழாய்கள் அந்த மின்நிலையத்துக்கு உரியவை. ஆக நீர் நமது, மீன் அவர்களுடையது, காடு அவர்களுடையது, சவாரிப் படகும் அவர்களுடையது. அணைக்குப் போய்வரத் தமிழகப் பொதுப்பணித்துறை வைத்திருந்த படகுக்குக் 'கண்ணகி' என்று பெயர். எல்லை மலைமேல் மங்கலதேவி கோட்டத்தில் சித்திரா பௌர்ணமிக்கு ஒருநாள் மட்டும் இரு மாநிலத்தாரும் சேர்ந்து வணங்குகிற அதே கண்ணகி. நியாயம் கேட்கப் புறப்பட்டவள் பெயரை இதைவிடப் பொருத்தமாக வேறு எந்தப் படகுக்கும் சூட்டியிருக்க முடியாது. சுற்றுலாப் படகுகள் அணை வரை போவதில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் சற்று வாடியது.

நீர்மட்டச் சண்டையைப் பற்றி விரிவாக எழுத இது இடமன்று. 152 அடி வரை தேக்கக் கட்டியது. 1979இல் 136 அடியாகக் குறைத்தார்கள். உச்சநீதிமன்றத்தின் 2014 மே மாதத் தீர்ப்பு 142 அடி என்று உறுதி செய்தது. 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்கத்துக்கு நீர் ஏறாது. மதுரைப் பதிப்புச் செய்தித்தாள்களில் நாள்தோறும் வரும் அந்தச் சிறு கட்டத்தை, மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று, என் தாத்தா ராசிபலனுக்கு முன்னால் படிப்பார். இப்போது நான் விடுமுறைக்காகப் படிக்கிறேன். மார்ச், ஏப்ரலில் மட்டம் இறங்கினால் காட்டில் நீர்நிலைகள் வற்றி யானைகளும் காட்டெருமைகளும் ஏரிக்கரைக்கு வரும், பார்ப்பவருக்கு நல்லது. அதே எண்ணைப் பார்த்து ஜூன் முதல் தேதி மதகு திறக்குமா என்று என் தாய்மாமன் கவலைப்படுவார். ஒரே எண், ஒரே குடும்பம்.

இனி, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த 2009க்கு வருகிறேன்.

அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு மணக்கவலை அருகே கவிழ்ந்தது. 45 பேர் இறந்தனர். குழந்தைகளும் அதில் உண்டு. பெரும்பாலோர் வெளிமாநிலங்களிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். கண்ணாடியிழையில் செய்த அந்தப் படகு நீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 75 பேருக்கான படகில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கரையில் விலங்குகள் தென்பட, பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்பது அன்றே வந்த செய்தி. உடுப்பில் உயிர்காப்புச் சட்டை இல்லை.

பயணிகள் ஒருபக்கம் சாய்ந்ததால் கவிழ்ந்தது என்ற வாக்கியத்தைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். இதைப் போல எனக்குக் கோபமூட்டும் வாக்கியம் வேறில்லை. யானையைக் காட்டுகிறோம் என்று சொல்லிக் காசு வாங்கிய படகில் யானையைப் பார்க்க எழுந்தது குற்றமா? காட்சிக்காகக் கட்டிய படகு, காட்சி தென்படும் கணத்தில் மக்கள் என்ன செய்வார்கள் என்று எண்ணியல்லவா கட்டப்பட வேண்டும்? நீதிபதி மொய்தீன் குஞ்சு ஆணையம் 2011இல் அளித்த அறிக்கை படகின் நிலைப்புத்தன்மைக் குறையையும் மிகைப்பாரத்தையும் சுட்டியது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னால், 2007 பிப்ரவரியில், இதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கிப் பதினைந்து மாணவர்களும் மூன்று ஆசிரியர்களும் இறந்தார்கள். 2002இல் குமரகம், 29 பேர். தேக்கடிக்குப் பிறகும் நிற்கவில்லை. 2023 மே மாதம் தானூரில் 22 பேர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணையம் அமைந்தது. கூடுதல் ஆட்கள் என்ற சொல் ஒவ்வொரு முறையும் வந்தது.

இவற்றை எல்லாம் படித்த பிறகும் போகலாமா என்ற கேள்வி மேசைமேல் அப்படியே கிடந்தது. நானும் மனைவியும் இரண்டு இரவுகள் பேசினோம். தேக்கடியில் 2009க்குப் பின் உயிர்காப்புச் சட்டை கட்டாயமாக்கப்பட்டது; இருக்கைக்கு ஒருவர் என்று எண்ணி ஏற்றுகிறார்கள் என்பதைப் போய்வந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கடைசியில் மனைவி தன் நிபந்தனைகளைப் பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். காலை முதல் சவாரி. மாலைச் சவாரி வேண்டாம். சின்னவனுக்கு அளவான சட்டை இல்லையென்றால் இறங்கிவிட வேண்டும், கொடுத்த பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. அம்மா படியருகே உட்கார வேண்டும். யானை வந்தாலும் புலியே வந்தாலும் நம் வீட்டார் யாரும் எழக்கூடாது.

கடைசி நிபந்தனையைப் படித்துக் காட்டியபோது பெரியவள் முறைத்தாள். அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. "யானைய நான் எங்க ஊருலயே பாத்திருக்கேன். தண்ணிய உக்காந்துக்கிட்டே பாக்கலாம்ல?" என்றார். பிறகு அன்றைய செய்தித்தாளை எடுத்துவரச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சிறு கட்டத்தைத் தேடினார்.