வெற்றிடமும் திராட்சை மதுவும்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டிலே திராட்சை மது தயாரிப்போர், நொதித்துத் தெளிந்த மதுவைப் போத்தல்களில் நிரப்புவதற்கு வெற்றிடப் பம்பியைப் பயன்படுத்தும் வழக்கம் மேலைநாடுகளிலே இன்று காணப்படுகின்றது. போத்தலின் வாயை இரு துளைகளுள்ள இறப்பர் அடைப்பானால் மூடுவர். ஒரு துளைவழியே செல்லும் குழாய் மதுச் சாடியினுள் அமிழ்ந்திருக்கும். மற்றைய துளைவழியே செல்வது பம்பியுடன் இணைந்திருக்கும். பம்பி இயங்கத் தொடங்கியதும், தாழ்ந்த இடத்திலுள்ள சாடியிலிருந்து மது மேலேறிப் போத்தலை நிரப்பும். இதனைக் காண்போர் 'பம்பி மதுவை உறிஞ்சுகின்றது' என்பர். உண்மையில் பம்பி மதுவை உறிஞ்சுவதில்லை. இவ்வெளிய உண்மையை அறிந்துகொள்வதற்கு ஐரோப்பிய சிந்தனைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வறிவு பிறந்த வரலாற்றிலே மதுவும் மதுப் பீப்பாவும் முக்கியமான இடத்தைப் பெற்றிருந்தன என்பதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக் கிரேக்கர் திரவங்களைக் கலத்திலிருந்து முகந்தெடுப்பதற்குக் 'கிளெப்சிட்ரா' என்னும் கருவியைக் கையாண்டனர். அடியிலே சிறு துளைகளும் மேலே ஒடுங்கிய வாயும் உடைய கலம் அது. அதனைத் திரவத்தில் அமிழ்த்தி, மேல்வாயைப் பெருவிரலால் மூடித் தூக்கினால், துளைகள் திறந்திருந்தும் திரவம் கீழே சிந்துவதில்லை. விரலை எடுத்தவுடன் ஒழுகிவிடும். கி. மு. 5ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த எம்பெடொக்கிளிஸ் இக்கருவியை உவமையாகக் கொண்டு உயிர்களின் சுவாசத்தை விளக்க முற்பட்டார். கண்ணுக்குப் புலனாகாத வளியும் ஒரு பொருளே என்னும் எண்ணம் அவ்விளக்கத்தில் அடங்கியிருந்தது.

ஆயினும், பின்வந்த அரிஸ்டோட்டில் உலகில் வெற்றிடம் இருத்தல் இயலாது என்று வாதிட்டார். அவர்வழி நின்ற இடைக்கால அறிஞர், 'இயற்கை வெற்றிடத்தை வெறுக்கின்றது' என்னும் கோட்பாட்டை நிலைநாட்டினர். கிணற்றுப் பம்பியில் நீர் ஏறுவது ஏன்? வெற்றிடம் தோன்றுவதை இயற்கை வெறுப்பதால் என்பதே அவர்தம் விடை. மூடிய கலத்திலிருந்து மது ஒழுகாதது ஏன் என்ற வினாவுக்கும் அதுவே விடை. இக்கோட்பாடு எதனையும் விளக்கியது. ஆனால் எதனையும் அளந்து கூறவில்லை.

இக்கோட்பாட்டின் குறைபாட்டை வெளிக்கொணர்ந்தது தொழிலாளரின் அனுபவமே. உறிஞ்சற் பம்பி 18 முழத்துக்கு மேல் நீரை உயர்த்தாது என்பதனைப் பம்பி திருத்துவோர் அறிந்திருந்தனர். 1638இல் வெளிவந்த தமது நூலிலே கலிலியோ இச்செய்தியைப் பதிவுசெய்தார். இயற்கையின் வெறுப்பு ஏறத்தாழ 10 மீற்றருடன் நின்றுவிடுவது எங்ஙனம்? அவர் கூறிய விடை பொருத்தமானதன்று. எனினும் வினா அறிஞருலகின் முன் வைக்கப்பட்டுவிட்டது. 1644இல் தொரிசெல்லி அதற்கு விடை கண்டார். பாதரசம் நிரப்பிய குழாயைப் பாதரசக் கிண்ணத்திலே தலைகீழாக நிறுத்தியபோது, பாதரசம் ஏறத்தாழ 76 சென்றிமீற்றர் உயரத்திலே நின்றது. அதன்மேல் வெறுமையான இடம் தோன்றிற்று. மேலுள்ள வெறுமை பாதரசத்தை இழுத்து வைத்திருக்கவில்லை. வெளியேயுள்ள வளிக்கடலின் நிறையே அதனைத் தாங்கி நிற்கின்றது என்பது அவர் முடிபு.

இம்முடிபைப் பலர் ஏற்கவில்லை. குழாயின் மேலே தோன்றுவது வெற்றிடமன்று. திரவத்திலிருந்து எழும் ஆவியே அங்கு நிறைந்து திரவத்தைக் கீழே தள்ளுகின்றது என்றனர் எதிர்த்தரப்பினர். இவ்விடத்திலேதான் மது சான்றுகூற அழைக்கப்பட்டது. பிரான்சிலுள்ள றூவென் நகரிலே, கண்ணாடித் தொழிலிற் சிறந்த கைவினைஞரைக் கொண்டு, 46 அடி நீளமான குழாய்களைப் பிளேய்ஸ் பஸ்கால் செய்வித்தார். அவற்றைக் கப்பற் பாய்மரத்திற் கட்டி, ஒன்றில் நீரையும் மற்றொன்றிற் செந்நிறத் திராட்சை மதுவையும் நிரப்பி, 1647ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பலர் காண நிமிர்த்தினார். நிமிர்த்துவதற்கு முன்னர், எத்திரவம் உயர்ந்து நிற்கும் எனக் கூறுமாறு எதிர்த்தரப்பினரை அவர் கேட்டார். மது நீரிலும் எளிதில் ஆவியாவது. ஆதலால், ஆவியே மேலிடத்தை நிரப்புவதாயின், மது கூடுதலாகத் தள்ளப்பட்டு நீரிலும் தாழ்ந்து நிற்றல் வேண்டும். அவர்களும் அவ்வாறே கூறினர். விளைவோ எதிர்மாறாயிற்று. மதுவே உயர்ந்து நின்றது. நீரிலும் மது சற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே, அதே வளிநிறையைச் சமன்செய்ய மதுவுக்குச் சற்றே உயர்ந்த நிரல் தேவைப்பட்டது.

இப்பரிசோதனையின் சிறப்பு அதன் விளைவில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. இரு கொள்கைகளும் வேறுவேறான விளைவுகளை முன்கூட்டியே உரைக்குமாறு பரிசோதனையை அமைத்து, தீர்ப்பைப் பொருளிடமே விட்டதிலேதான் அதன் சிறப்பு அடங்கியுள்ளது. மறு ஆண்டு, 1648 செப்ரெம்பர் 19ஆம் நாள், பஸ்காலின் மைத்துனர் பெரியே பியூய் டி டோம் மலையுச்சிக்குப் பாதரசக் குழாயைக் கொண்டுசென்றார். உச்சியிலே பாதரச நிரல் தாழ்ந்து நின்றது. வளிக்கு நிறையுண்டு என்பது மேலும் உறுதியாயிற்று.

இயற்கையிற் காணப்பட்டதைச் செயற்கையாற் படைக்க முனைந்தவர் யேர்மனியரான ஒற்றோ வொன் கெரிக்கே. 1631ஆம் ஆண்டுப் போரிலே தீக்கிரையான மக்டபேர்க் நகரிற் பொறியியலாளராகப் பணியாற்றி, 1646இல் அந்நகரத் தலைவருள் ஒருவரானவர் அவர். அவர் முதன்முதற் கையாண்ட கலம் மதுவோ பியரோ வைக்கும் மரப்பீப்பாவே. அதனை நீரால் நிரப்பி, தீயணைக்கும் பித்தளைப் பம்பியை அடியிலே பொருத்தி, நீரை வெளியேற்றுவித்தார். வலிய ஆடவர் பம்பியை இழுத்து நீரை அகற்றியபோது, கொதிநீரின் இரைச்சல் போன்ற ஒலி எழுந்தது. வளி மரத்தின் நுண்துளைகளினூடே உட்புகுந்துகொண்டிருந்தது. பின்னர், நீர் நிறைந்த பெரிய பீப்பாவினுள்ளே சிறிய பீப்பாவை அமைத்துப் பார்த்தார், அதுவும் பயன்தரவில்லை. மூன்றாவதாகச் செப்புக்கோளம் ஒன்றைச் செய்வித்து, அதனுள்ளிருந்த வளியை நேரே அகற்றினார். கோளம் கையினாற் கசக்கிய துணிபோலப் பேரொலியுடன் நசுங்கிற்று. கூடியிருந்தோர் அஞ்சினர், கெரிக்கேயோ கோளம் செம்மையாக உருண்டையாய் அமையாமையே காரணமெனக் கண்டு, மேலும் திருத்தமான கோளத்தைச் செய்வித்து வெற்றி பெற்றார். 1654இல் றேகன்ஸ்பேர்க் நகரிலே பேரரசரின் முன்னிலையில் அவர் தமது பரிசோதனைகளைக் காட்டினார். 1657இல் மக்டபேர்க்கிலே 16 குதிரைகள் இழுத்தும் பிரிக்கவியலாத இரு அரைக்கோளங்களின் காட்சி நிகழ்ந்தது. அச்செய்தியால் ஊக்கம்பெற்ற றொபேட் பொயில், றொபேட் ஊக்கின் துணையுடன் வளிப்பம்பியைச் செப்பனிட்டு, 1660இல் தமது நூலை வெளியிட்டார். வளியகற்றிய கலத்தினுள்ளே திரவங்களிலிருந்து குமிழிகள் பொங்கியெழுவதை அவர் அவதானித்தார்.

இவ்வாறு மதுப் பீப்பாவிலிருந்து தொடங்கிய கருவி நீண்டகாலம் அறிஞர்தம் கூடங்களிலேயே தங்கியது. மது நிலவறைகளில் அதற்குத் தேவை எழாமைக்குக் காரணம் உண்டு. உயரத்தில் வைத்த பீப்பாவிலிருந்து மது தானே இறங்கிப் போத்தலை நிரப்பும். வளியால் மதுவுக்கு நேரும் கேடு தெளிவாக அறியப்படவுமில்லை. அதனைத் தெளிவாக்கியவர் லூயி பாஸ்ரர். மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்படி 1863இல் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1866இல் மதுவைப்பற்றிய தமது நூலை அவர் வெளியிட்டார். சிறிதளவு ஒட்சிசன் மெல்ல மெல்லச் சேர்வதால் மது முதிர்கின்றது. மிகுதியான வளியோ புளிக்காடியாக்கும் நுண்ணுயிர்களுக்கு வாய்ப்பளிக்கின்றது என்பது அவருடைய ஆய்வாற் புலனாயிற்று. அதன்பின்னரே, மதுவை எவ்வளவு அமைதியாகப் போத்தலுக்கு மாற்றுவது என்பது தொழிற்றிறனுடன் அறிவியலும் சார்ந்த வினாவாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வீட்டு மதுத்தயாரிப்புப் பரவலாயிற்று. பிரித்தானியாவில் 1953இல் சீனிப் பங்கீடு நீங்கியமை அதற்குத் துணைசெய்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட சட்டம், வளர்ந்தோர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கலனும், இருவரோ பலரோ உள்ள வீட்டில் 200 கலனும் வரியின்றித் தயாரிக்க இடமளித்தது. பாரமான சாடியை மேசைமேல் ஏற்றாமலும், குழாயை வாய்வைத்து இழுக்காமலும் போத்தலை நிரப்ப விரும்பியோர் வெற்றிடப் பம்பியை நாடினர். மது பம்பியினுள்ளே செல்வதில்லை. மிகையாக ஏறுவது இடையிலுள்ள தடுப்புக் கலத்திலே தங்கிவிடும்.

இப்பணியிலே ஈடுபடுவோர் பழைய பரிசோதனைகளின் பாடங்களை அறிந்தோ அறியாமலோ மீண்டும் கற்கின்றனர். மதுச் சாடியின் வாயை வளி புகாவண்ணம் இறுக மூடிவிட்டால், மது சிறிது ஏறியபின் நின்றுவிடும்; பம்பி எத்துணை இயங்கினும் பயனில்லை. மூடியைத் தளர்த்தினால் மீண்டும் ஏறும். உறிஞ்சுவது பம்பியாயின், சாடி மூடியிருப்பினும் திறந்திருப்பினும் வேறுபாடு இருத்தலாகாது. உண்மையில் மதுவின்மேல் அழுத்தும் வளியே அதனை ஏற்றுகின்றது. ஒரு மீற்றர் உயரத்துக்கு மதுவை ஏற்ற வளிமண்டல அமுக்கத்தின் பத்திலொரு பங்களவு குறைவே போதுமானது. கூடுதலாக வளியை அகற்றினால், பொயில் கண்டதுபோல, மதுவிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு நுரைத்தெழும். தட்டையான பக்கங்களுடையதோ கீறலுடையதோ ஆன கண்ணாடிக் கலத்தைப் பயன்படுத்துவோர் கெரிக்கேயின் செப்புக்கோளத்தை நினைவுகூர்தல் வேண்டும். முழு வெற்றிடத்திலே ஒவ்வொரு சதுர சென்றிமீற்றர் மேற்பரப்பிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை அழுத்துகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, வெற்றிடத்தின் வரலாறு நூலறிவாளரின் வரலாறு மாத்திரமன்று என்பது புலனாகும். பம்பி திருத்துவோர் வினாவைத் தந்தனர். கண்ணாடித் தொழிலாளர் நீண்ட குழாயைத் தந்தனர். மிடா செய்வோரும் கன்னாரும் கலங்களைத் தந்தனர். இவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் நூல்களில் இல்லை. 'உறிஞ்சுதல்' என்னும் சொல்லை நமது மொழியும் பிறமொழிகளும் இன்றும் வழங்கிவருகின்றன. வழக்கை எவரும் மாற்றவேண்டுவதில்லை. ஆயின் அச்சொல்லையே விளக்கமாகக் கொள்ளும்போது, இயற்கையின் வெறுப்பைக் கூறி அமைந்த இடைக்காலத்தாரின் நிலைக்கே நாமும் மீளுகின்றோம். றூவென் நகரத்துப் பாய்மரத்தின் கீழே கேட்கப்பட்ட வினாவை ஒவ்வொரு கொள்கையிடமும் கேட்டல் மாணவர்தம் கடமையாகும்: இக்கொள்கை உண்மையாயின், நிகழவேண்டியது யாது?