இசைத்தட்டில் ஏறாத காஞ்சிபுரக் கச்சேரி

கர்நாடக இசைப் பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் (1889–1934) கச்சேரிக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஃபுல் பெஞ்ச்’. வயலினோடு மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று தாளக்காரர்கள் வரிசையாக அமர்வார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் அந்த வரிசையில் இருந்தவர். நடுவில் பாடகர் கடினமான தாளத்தில் பல்லவியை, அதாவது ஒரே வரியை விரித்துப் பாடும் பகுதியை, எடுப்பார். இத்தனை பேர் கணக்குப் போட்டு மடக்கினாலும் கையில் தாளம் அசையாது, எடுப்பு பிசகாது. திருப்புகழின் சிக்கலான சந்தங்களையும் அவர் மேடையில் பாடினார்.

அவருடைய தாயின் சகோதரி தனகோடி அம்மாளின் குரல் கிராமபோன் வந்த தொடக்க காலத்திலேயே தட்டில் பதிவானது. நயினாப் பிள்ளையோ ஒரு தட்டும் கொடுக்கவில்லை. அன்றைய தட்டின் ஒரு பக்கம் ஓடியது ஏறக்குறைய 3 நிமிடம். அவருடைய பல்லவி அதற்குள் அடங்கக் கூடியதல்ல. மேடையிலிருந்தே ஒலிப்பதிவு செய்யும் வசதி பரவுவதற்குள் அவர் காலமாகிவிட்டார். தமிழ் இசைக்கு இது பெரிய இழப்பு.

நயினாப் பிள்ளையைப் போலவே, 1965இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘கிரேட்ஃபுல் டெட்’ ராக் குழுவும் மேடையில் நீட்டி வாசித்தே பெயர் வாங்கியது. ஆனால் ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு வர அக்குழு இடம் கொடுத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று நடந்த நிகழ்ச்சியை இன்றும் முழுமையாகக் கேட்கலாம்.

அப்படிப் பதிவு இல்லாத நயினாப் பிள்ளையின் பாணி சீடர்களின் குரலில் நின்றது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, டி. பிருந்தா, முக்தா ஆகியோரின் பதிவுகள் கிடைக்கின்றன. காஞ்சியில் அவரைக் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாள் பல்லவியைப் பெண்களின் மேடைக்கும் கொண்டுவந்தார்.