குப்பையும் கோபுரமும்: பாரிஸ் பழம்பொருட் சந்தையின் வரலாறு

மனிதன் ஆக்கிய பொருள்களிற் பெரும்பாலானவை ஒரு காலத்தில் அவனாலேயே கைவிடப்படுகின்றன. உடைந்தவையும் கிழிந்தவையும் வழக்கொழிந்தவையும் குப்பை என்னும் ஒரே பெயரைப் பெற்று வீட்டு வாயிலைக் கடந்து செல்கின்றன. அவ்வாறு சென்றவற்றுட் சில, ஓரிரு தலைமுறைகள் கழிந்தபின், அரும்பொருள் என்னும் புதுப்பெயருடன் மீண்டு வருகின்றன. பழம்பொருட் கடைகளிலே தூசி படிந்த தட்டுகளைத் துருவித் தேடுவோர் அடையும் மகிழ்ச்சி இந்த மாற்றத்தையே அடிப்படையாகக் கொண்டது. பிறர் கண்ணுக்குப் புலப்படாத மதிப்பொன்று தம் கண்ணுக்குப் புலப்பட்டதென்னும் நிறைவே அம்மகிழ்ச்சியின் உயிர்நாடி எனலாம்.

குப்பை உயரும், கோபுரம் தாழும் என்பது தமிழ்மக்களின் நீண்டகால அனுபவத்திற் பிறந்த பழமொழி. ஆயின் குப்பை தானாக உயர்வதில்லை. அதனை உயர்த்தும் கைகள் யாருடையவை? அவ்வுயர்வின் பயனை நுகர்வோர் யாவர்? ஒரு பொருள் குப்பைமேட்டிலிருந்து காட்சிப் பேழைக்குச் செல்லும்போது வழியில் எதனை இழக்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பாரிஸ் நகரின் வடக்கெல்லையை அடுத்துள்ள சென்துவான் என்னும் ஊரின் சந்தையைப் போலத் தக்க எடுத்துக்காட்டுகள் சிலவே உள.

பிரான்சிலே பழம்பொருட் தேட்டம் பரவலான ஒரு நாட்டமாக வளர்ந்தமைக்கு 1789ஆம் ஆண்டுப் புரட்சி முக்கிய காரணமாகும். திருச்சபையின் உடைமைகள் அவ்வாண்டிலேயே நாட்டுடைமையாக்கப்பட்டன. நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் சொத்துகள் பின்னர் பறிமுதலாயின. வெர்சாய் அரண்மனையின் தளபாடங்களும் பிற பொருள்களும் 1793 ஓகஸ்ட் முதல் 1794 ஓகஸ்ட் வரை நடைபெற்ற ஏலவிற்பனையில் 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக விற்கப்பட்டன. அரசரின் மஞ்சமும் மடாலயத்தின் சிற்பமும் பழைய சாமான் வணிகனின் கடைக்குட் புகுந்தன. கோபுரம் தாழ்ந்தது என்பதற்கு இதனிலும் நேரடியான சான்று வேண்டுவதில்லை.

தாழ்ந்தவற்றை விரைவிலேயே சிலர் தேடத் தொடங்கினர். கணக்காய்வு மன்றத்தின் அலுவலரான அலெக்சாந்தர் டு சொமெறார் என்பவர், இடைக்காலக் கலைப்பொருள்களைப் பெரும்பாலோர் மதியாதிருந்த காலத்தில் அவற்றைத் தேடித் தொகுத்தார். 1842இல் அவர் மறைந்தபின், 1843இல் அரசு அத்தொகுதியை விலைக்கு வாங்கியது. 1844இல் திறக்கப்பட்ட குளூனி நூதனசாலை அவ்வாறு தோன்றியதே. நாவலாசிரியர் பால்சாக் 1847இல் வெளியிட்ட 'கசின் பொன்ஸ்' என்னும் நாவலின் நாயகனும் இத்தகைய தேட்டக்காரனே. பழம்பொருட் கடைகளிற் குறைந்த விலைக்கு வாங்கிய அரும்பொருள்களாற் தன் இல்லத்தை நிறைத்த அவ்வேழை இசைக்கலைஞனை உறவினர் எள்ளி நகையாடுகின்றனர். தொகுப்பின் பணமதிப்புத் தெரியவந்ததும் அவர்களே அதனைக் கைப்பற்றச் சூழ்ச்சி செய்கின்றனர். பொருளை நேசிப்போனுக்கும் அதன் விலையை நேசிப்போனுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பால்சாக் அன்றே தெளிவாகக் கண்டிருந்தார்.

சொமெறாரும் பொன்சும் கடையில் நின்று தேடியவர்கள். அவர்களுக்கு முன்பாகத் தெருவில் நின்று தேடிய வேறொரு கூட்டத்தார் இருந்தனர். பிரெஞ்சு மொழியிற் சிபோனியே என வழங்கப்பட்ட கந்தல் பொறுக்குவோரே அவர்கள். முதுகிலே பிரம்புக்கூடை, ஒரு கையிற் கொக்கித்தடி, மறுகையில் விளக்கு ஆகிய மூன்றுமே அவர்களின் தொழிற்கருவிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பொலிசாரிடம் பதிந்து உலோகப் பட்டயம் பெற்றே இத்தொழிலைச் செய்ய வேண்டியிருந்தது. வீட்டார் தெருவிற் கொட்டிய குவியல்களை இரவிற் கிளறி அவர்கள் எடுத்தவை வீணானவையல்ல. மரக்கூழ் பெருவழக்காவதற்கு முன்னர் காகிதம் கந்தற் துணியிலிருந்தே செய்யப்பட்டது. எலும்பு பொத்தானாகவும் பசையாகவும், சீனியை வெண்மையாக்கும் கரியாகவும் மாறியது. அந்நூற்றாண்டின் புத்தகப் பெருக்கமும் பத்திரிகைப் பெருக்கமும் பெருமளவுக்கு இந்தக் கூடைகளின் மீதே எழுந்தன. ஆயினும் நூல்களைப் படித்த சமுதாயம் கூடை சுமந்தவர்களை அழுக்கின் உருவமாகவே கண்டது.

நகரின் புனரமைப்பு இவர்களை மெல்ல மெல்ல எல்லைக்குத் தள்ளியது. 1853ஆம் ஆண்டு முதல் ஓஸ்மான் என்னும் நிர்வாகி பழைய குடியிருப்புகளை இடித்துப் பெருவீதிகளை அமைத்தபோது, ஏழைமக்கள் பலர் நடுநகரில் வாழ வழியற்றோராயினர். 1840களிற் பாரிசைச் சூழ எழுப்பப்பட்ட கோட்டை மதிலுக்கு வெளியே, படைத்துறைத் தேவை கருதிக் கட்டடம் எழுப்பக்கூடாதென விலக்கப்பட்ட நிலப்பட்டையொன்று இருந்தது. மக்கள் அதனைச் 'சோன்' என அழைத்தனர். அங்கே தகரத்தாலும் பலகையாலும் குடிசைகள் முளைத்தன. கந்தல் பொறுக்குவோர் பலர் அவற்றிற் குடியேறினர். பிற்காலத்திற் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் அட்சே, முதலாம் உலகப்போருக்குச் சற்று முன்னர் இவர்களையும் இவர்களின் குடில்களையும் பிடித்த படங்கள் இன்று அரிய வரலாற்று ஆவணங்களாய் விளங்குகின்றன.

இத்தொழிலுக்கு நேர்ந்த பெருந்தாக்கம் 1883இல் வந்தது. சேன் மாவட்ட ஆட்சியாளரான இயூஜீன் புபெல், வீட்டுரிமையாளர் குடியிருப்போருக்கு மூடியுடைய குப்பைக் கலங்களை வழங்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். நகரச் சுகாதாரத்தின் நோக்கில் இது பெரும் முன்னேற்றம். கந்தல் பொறுக்குவோருக்கோ தெருக்குவியல் மறைவதென்பது வாழ்வாதாரம் மறைவதாகும். அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பின் விளைவாகச் சில சலுகைகள் கிடைத்தன. ஆயினும் தொழில் பழைய நிலைக்கு மீளவில்லை. ஆட்சியாளரின் பெயரோ நிலைத்தது. பிரெஞ்சு மொழியிற் குப்பைத்தொட்டிக்கு இன்றும் புபெல் என்பதே பெயர்.

மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டோர் தாம் பொறுக்கியவற்றைத் தரம்பிரித்து அங்கேயே பரப்பி விற்றனர். ஞாயிற்றுக்கிழமைகளிற் காற்று வாங்க வந்த நகரமக்கள் அதனை வேடிக்கை பார்த்தனர், பின்னர் விலை கேட்டனர், அதன்பின் தேடி வரலாயினர். 1885இல் ஊராட்சி அவ்விடத்தைச் சீர்செய்தது. அவ்வாண்டே சென்துவான் சந்தையின் தொடக்க ஆண்டாகக் கொள்ளப்படுகின்றது. பழந்துணிகளில் தெள்ளுகள் மிகுந்திருந்தமையாற் தெள்ளுச்சந்தை என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஏளனமாகப் பிறந்த அப்பெயர் பின்னர் உலகின் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, பழம்பொருட் சந்தைகளுக்குப் பொதுப்பெயராயிற்று. பெயரும் குப்பையிலிருந்து உயர்ந்ததே.

1908இல் நிலக்கீழ்ப் புகையிரதம் கிளினியாங்கூர் வாயில்வரை நீட்டப்பட்டதும் சந்தைக்குச் செல்லும் வழி எளிதாயிற்று. அதே ஆண்டில் மொன்மார்த்திரைச் சார்ந்த மார்த்தீர் வீதியிலிருந்த பழைய சாமான் கடையொன்றில் நிகழ்ந்த சம்பவம் கலைவரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது. சூலியே என்பவரின் அக்கடையிற் கிடந்த ஒரு பெண்ணின் பெரிய உருவப்படத்தை இளம் ஓவியர் பிக்காசோ ஐந்து பிராங்குக்கு வாங்கினார். அதன் துணியின்மேல் வேறு படம் வரைந்துகொள்ளலாமெனக் கடைக்காரர் கூறினாராம். அப்படத்தை வரைந்தவர் ஆன்றி றூசோ. அவர் நகருட் புகும் பண்டங்களுக்குத் தீர்வை அறவிடும் அலுவலகத்தில் நகர வாயில்களிற் பணியாற்றி ஓய்வுபெற்ற சிற்றலுவலர். முறையான ஓவியப் பயிற்சி பெறாத அவரைக் கண்காட்சிகளுக்குச் சென்றோர் நகைத்தனர். பிக்காசோ நகைக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் தமது ஓவியக்கூடத்தில் றூசோவைச் சிறப்பித்து விருந்தொன்றும் நடத்தினார். 1910இற் காலமான றூசோ வறியோருக்கான பொதுப் புதைகுழியில் அடக்கப்பட்டார். ஐந்து பிராங்குப் படத்தைப் பிக்காசோ தாம் 1973இல் மறையும்வரை பிரியவில்லை. பின்னர் அது பாரிசிலுள்ள பிக்காசோ நூதனசாலையைச் சேர்ந்தது.

இச்சம்பவம் தேட்டத்தின் மகிழ்ச்சியை மட்டும் காட்டவில்லை. கடைக்காரர் அப்படத்திற் கண்டது துணி. பிக்காசோ கண்டது ஓவியம். ஒரே பொருள் பார்வைக்கேற்ப இருவேறு பொருள்களாயிற்று. ஆகவே மதிப்பு என்பது பொருளில் உறைவது மட்டுமன்று. பார்ப்போனின் பயிற்சியும் காலத்தின் சுவையும் சேர்ந்து அதனை உருவாக்குகின்றன.

எனினும் கலைஞனின் பார்வையே முடிந்த பார்வை எனக் கொள்வது தவறாகும். இதனை விளக்குவது 1934இல் நிகழ்ந்த மற்றொரு சம்பவம். சர்றியலிச இயக்கத்தின் தலைவர் ஆந்திரே பிரெத்தோனும் சிற்பி ஜியாக்கொமெத்தியும் தெள்ளுச்சந்தையில் ஒருநாள் உலாவினர். சிற்பி விசித்திரமான உலோக முகமூடியொன்றை வாங்கினார். பிரெத்தோன் சிறு பாதணி வடிவம் பொருந்திய மரக்கரண்டியொன்றை வாங்கினார். முகமூடியின் பயன் யாதென இருவரும் அறியார். அந்த அறியாமையே அவர்களுக்குக் கவர்ச்சியாயிற்று. செய்துகொண்டிருந்த சிற்பத்தின் முகத்தை எவ்வாறு அமைப்பதெனத் தடுமாறிய ஜியாக்கொமெத்திக்கு அது வழிகாட்டியதெனப் பிரெத்தோன் கருதினார். 1937இல் வெளியான தமது நூலில் இதனை விரிவாக எழுதிய அவர், பின்னர் தெரியவந்த செய்தியொன்றையும் மறையாது பதிந்துள்ளார். ஜோவே பூஸ்கே என்னும் கவிஞர் அம்முகமூடியை அடையாளங் கண்டார். முதலாம் உலகப்போரில் தம் படையணிக்குத் தாமே பகிர்ந்தளித்த முகமூடிகளுள் ஒன்று அது என்றார். அவற்றைப் பகிர்ந்த இரவை அடுத்து நிகழ்ந்த தாக்குதலில் அவருடைய வீரர் பலர் மடிந்தனர். அவரும் முதுகெலும்பிற் குண்டேறுண்டு வாழ்நாள் முழுவதும் நடக்கவியலாதவரானார்.

கந்தல் பொறுக்குவோனுக்கு அம்முகமூடி எடைக்கு விற்கும் உலோகம். சிற்பிக்குப் புதிர் நிறைந்த வடிவம். பூஸ்கேக்கோ இறந்த தோழரின் நினைவு. மூவரின் பார்வையும் உண்மையே. ஆயின் மூன்றாவது பார்வை கிடைக்கும்வரை முதலிரண்டும் குறையுடையனவே. பழம்பொருளொன்று கண்டெடுக்கப்படும்போது அதன் தேட்டம் பாதியே முடிகின்றது. யாருடைய கைகளில் இது இருந்தது, ஏன் அக்கைகளை விட்டு நீங்கியது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே மறுபாதி. முதற்பாதியைச் சுவைஞனும் செய்யலாம். மறுபாதி வரலாற்று மாணவனின் கடமை.

இக்கடமை எத்துணை இன்றியமையாதது என்பதை அடுத்த போர் உணர்த்தியது. 1942 முதல் 1944 வரை ஜேர்மானிய ஆக்கிரமிப்பாளர் பாரிசில் ஏறத்தாழ 38,000 யூதக் குடியிருப்புகளின் வீட்டுப் பொருள்களை முற்றாக அள்ளிச் சென்றனர். கட்டில், பாத்திரம், பொம்மை, படுக்கை விரிப்பு ஆகிய யாவும் அவற்றுள் அடங்கின. குண்டுவீச்சில் வீடிழந்த ஜேர்மானியருக்கு வழங்குவதே நோக்கமாகக் கூறப்பட்டது. இவற்றைத் தரம்பிரிக்க யூதக் கைதிகளையே பயன்படுத்தினர். லெவித்தான் என்னும் பெயருடைய தளபாடக் கடையே அத்தகைய முகாம்களுள் ஒன்றாக்கப்பட்டது. குவியலிடையே தம் வீட்டுப் பொருளையே கண்டோரும் இருந்தனர். கண்டெடுத்தலின் இன்பத்துக்கு இதனிலும் கொடிய மறுதலை இருத்தலரிது. பெயரிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் எவர் வீட்டிலும் எளிதாய்ப் பொருந்திவிடும். ஆதலின், போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் ஒரு பழைய தளபாடம் எங்கிருந்து வந்தது என்னும் வினா வெறும் ஆர்வத்தின் வினாவன்று; நீதியின் வினாவுமாயிற்று. திருட்டுப் பொருள் விற்பனையைத் தடுக்கும் நோக்குடன் 1987இல் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டம், பழம்பொருள் வணிகர் தம்மிடம் வரும் பொருள்களையும் அவற்றை விற்போரையும் பதிவேட்டிற் குறித்தல் வேண்டும் என விதித்தது. பொருளைப் பெயருடன் பிணைத்துவைக்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

சென்துவான் சந்தையோ வளர்ந்துகொண்டே சென்றது. 1920கள் முதல் நிலவுடைமையாளர் கடைவரிசைகளை அமைத்து வாடகைக்கு விட்டனர். வெர்னேசோன், பிறோன் முதலிய பகுதிகள் அவ்வாறு எழுந்தவை. கோட்டை மதில் இடிக்கப்பட்டது. சோன் நிலப்பட்டையின் ஒரு பகுதியின்மீது 1973இல் நிறைவெய்திய சுற்றுவட்டப் பெருவீதி அமைந்தது. 2001இல் சந்தைப் பகுதி மரபுரிமைக் காப்பு வலயமாக்கப்பட்டது. கந்தற்காரர் சிந்திய பொருள்களிலிருந்து தோன்றிய சந்தை நாட்டின் செல்வமாயிற்று.

ஆயின் கந்தற்காரர் அச்செல்வத்தின் உரிமையாளராகவில்லை. அப்பெருவீதிக்கு அருகே, மொன்மார்த்திர் வாயிற் பக்கத்தில், நகரின் தொட்டிகளிலிருந்து பொறுக்கியவற்றை நிலத்திற் பரப்பி விற்போர் இருபத்தோராம் நூற்றாண்டிலும் தோன்றினர். வேலையற்றோரும் முதியோரும் குடிபெயர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். பொலிசாரால் மீண்டும் மீண்டும் விரட்டப்பட்ட அவர்கள் உரிமை கோரிப் போராடினர். அதன் பயனாக 2009இல் அங்கே நூறு விற்பனையிடங்களை அனுமதிக்கப் பாரிஸ் நகராட்சி இசைந்தது. 1883இல் எழுந்த வினா ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அதே எல்லைக்கோட்டில் நின்றது.

பாரிசில் வாழ்ந்து அந்நகரைப் பற்றி ஆராய்ந்த ஜேர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின், கந்தல் பொறுக்குவோனின் உருவில் வரலாற்றாசிரியனின் சாயலைக் கண்டார். ஆட்சியாளர் எழுதிவைத்த ஏடுகளுக்கு அப்பால், கழித்தெறியப்பட்டவற்றிலேயே ஒரு காலத்தின் உண்மை தங்கியிருக்கும் என்பது அவர் கருத்து. அக்கருத்தை ஏற்போர் பழம்பொருட் கடையினுள் நுழைகையில் இரண்டைத் தேடுதல் வேண்டும். ஒன்று பொருள், மற்றொன்று அதனை ஆக்கியவர், இழந்தவர், பொறுக்கியவர் ஆகியோரின் சுவடு. இரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடத்திற்றான் குப்பை மெய்யாகவே உயர்கின்றது.