மண்ணும் தொழிலாளியும்

காரல் மார்க்ஸ் என்றாலே, 'அது படித்தவர்கள் பேசும் தத்துவம், நமக்கெதற்கு?' என்று பலர் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அந்தத் தத்துவம் நம் தோட்டத்து மருந்துத் தொட்டி வரை வந்து நிற்கிறது.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ் விவசாயத்தையும் ஆராய்ந்தார். லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞரின் நூல்களைப் படித்து அவர் கண்ட முடிவு இது: இலாபம் ஒன்றையே நாடும் விவசாயம் தொழிலாளியையும் சுரண்டும், மண்ணையும் சுரண்டும்.

இதில் தொழிலாளியின் பக்கத்தைச் செயலாக்க முயன்றவர்களுள் ஒருவர், தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ்.ஏ.கணபதி. 1947இல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். தமிழரும் சீனரும் ஓரணியில் நின்று கூலி உயர்வு கேட்டனர். 1948 ஜூனில் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது, அவசரகாலமும் பிரகடனமாயிற்று. கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காகக் கணபதி 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் நிலைத்தது வேறு வழி. சிரம்பானில் சங்கப் பணியாற்றிய பி.பி.நாராயணன், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளரானார்.

மண்ணின் பக்கம் என்னவாயிற்று? களையை அழிக்கப் பாராகுவாட் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்களே. மூக்கில் இரத்தம் வடியும். நகம் கழன்று விழும். மருந்து நனைத்த சேலையோடு வந்து பிள்ளையைத் தூக்குவார்கள். கேட்டால், "எல்லாம் தலைவிதி, வாத்தியாரே!" என்பார்கள். வகுப்பில் அறிவியல் போதித்த நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு வாளாவிருந்தோம். அந்தக் குறை இன்றும் எங்கள் மனத்தை உறுத்துகிறது.

விதியல்ல என்று காட்டியவர்கள் ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தா அமைப்பினர். மருந்தடித்த பெண்களிடமே கேட்டறிந்து 2002இல் அறிக்கை வெளியிட்டனர். அவர்கள் மார்க்சின் பெயரைச் சொல்லிப் புறப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் உழைப்பவரின் அனுபவத்திலிருந்து தொடங்குவதுதானே அந்தத் தத்துவமும் காட்டும் வழி! அவ்வாண்டே அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் தடை விலக்கப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள்தான்.

இன்று செம்பனைத் தோட்டங்களில் தொட்டி சுமப்போரில் பலர் வெளிநாட்டினர். மருந்தின் பெயர் மாறியிருக்கிறது. அவர்களுடைய நகங்களையும் நாம் பார்க்க வேண்டும். கூலியைக் கேட்கும் வாய், குடிக்கும் தண்ணீரையும் தெளிக்கும் மருந்தையும் பற்றிக் கேட்கட்டும். நம் பிள்ளைகளுக்கு அதையே முதற்பாடமாகச் சொல்லிக் கொடுப்போம்.